பீரங்கி பெரிதா, வாள் பெரிதா?

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "கடற்கொள்ளை விளையாட்டில் எனக்குக் கப்பல்தான் முதலில், வாள் அப்புறம்தான்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டை இவ்வளவு அக்கறையோடு ஆடுகிறவர்கள் நம் ஊரில் இருப்பது எனக்குச் சந்தோஷம். இந்த இதழ் முழுவதும் இதைத்தான் பேசப்போகிறோம். அஸ்தம்பட்டியில் கேமிங் சென்டர் நடத்துகிறவள், சிலம்ப வாத்தியாரின் மகள் என்ற இரண்டு விதத்திலும் எனக்கு இதில் சொல்ல விஷயம் இருக்கிறது.

கேள்வி: அக்கா, நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 'சீ ஆஃப் தீவ்ஸ்' என்ற கடற்கொள்ளை வீடியோ கேம் ஆடுகிறோம். இரண்டு பேர் பீரங்கியை விட்டு நகரவே மாட்டார்கள். நானும் இன்னொருவனும் எதிரிக் கப்பலில் ஏறி வாளால் வெட்டுவோம். போன வாரம் எதிராளிகள் நான்கு பேரில் மூன்று பேரைக் கொன்றுவிட்டோம். ஆனாலும் எங்கள் கப்பல்தான் மூழ்கியது. யாரால் தோற்றோம் என்று சண்டை வந்து இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. நீங்களே சொல்லுங்கள், எது முக்கியம்?
— கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, முதலில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தட்டுவடை செட் சாப்பிடுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

இந்த விளையாட்டை ரேர் நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. அதில் செத்தவன் திரும்பி வருவான். ஆவிகளின் கப்பலில் கொஞ்ச நேரம் காத்திருப்பான், கதவு திறக்கும், மறுபடி தன் கப்பலிலேயே வந்து நிற்பான். மூழ்கிய கப்பல் அப்படி வராது. வேறெங்கோ ஒரு தீவின் ஓரத்தில் புதுக் கப்பல் கிடைக்கும், ஆனால் சேர்த்து வைத்த பெட்டிகள் எல்லாம் பழைய இடத்தில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், ஜெயித்தவர்கள் அள்ளிக்கொள்வார்கள். ஆகவே மூன்று பேரைக் கொன்றீர்கள் என்றால், மூன்று பேரைக் கொஞ்ச நேரம் வேலையிலிருந்து விலக்கி வைத்தீர்கள் என்று அர்த்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் கப்பலில் ஓட்டை இருந்ததா? இருந்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்கும், நீங்கள் ஜெயித்திருப்பீர்கள். ஓட்டையே இல்லாத கப்பலில் ஏறி வெட்டினால் அவர்கள் திரும்பி வந்து எதுவும் நடக்காதது போல ஆட்டத்தைத் தொடர்வார்கள்.

உங்கள் பக்கத்தையும் பாருங்கள். நான்கு பேர் ஆடுகிறீர்கள் என்றால் கேலியன் என்ற பெரிய கப்பலை எடுத்திருப்பீர்கள். மூன்று பாய்மரம், ஒரு பக்கத்துக்கு நான்கு பீரங்கி, கீழே இரண்டு தளம். அதில் இரண்டு பேர் போய்விட்டால் மிச்சம் இரண்டு பேர்தான் சுக்கானும் பிடிக்க வேண்டும், பாயும் திருப்ப வேண்டும், சுடவும் வேண்டும், பலகை அடித்து ஓட்டையும் அடைக்க வேண்டும். பீரங்கியை விட்டு நகராத நண்பர்களிடமும் எனக்குக் கேள்வி உண்டு: அவர்கள் எங்கே குறிவைத்தார்கள்? மேல்தளத்தில் விழுந்த குண்டு சத்தம்தான் போடும். நீர்மட்டத்துக்குக் கீழே விழுகிற குண்டுதான் கப்பலைக் குடிக்கும்.

அடுத்த சனிக்கிழமை இப்படி ஆடிப் பாருங்கள். முதலில் பீரங்கி. எதிரியின் அடித்தளத்தில் இரண்டு மூன்று ஓட்டை விழும் வரை யாரும் தண்ணீரில் குதிக்கக் கூடாது. விழுந்த பிறகு ஒருவர் மட்டும் போகட்டும், இரண்டு பேர் வேண்டாம். ஏணியில் ஏறியதும் வாளை உருவ வேண்டாம், நேராக ஓடி நங்கூரத்தை இறக்கட்டும். இறக்குவது ஒரு நொடி வேலை. கேலியனில் அதைத் தனி ஆளாகத் தூக்க முயன்றால் யுகமாகும். கப்பல் நின்றதும் உங்கள் பீரங்கிக்கு அது அசையாத குறி. அதற்கப்புறம்தான் வாளுக்கு வேலை: கீழ்த்தளத்துக்கு இறங்கும் படிக்கட்டில் நின்று, பலகையோடு வருகிறவனை மறிக்க வேண்டும். அவனைக் கொல்லக்கூட வேண்டாம், அவன் கையில் பலகைக்குப் பதிலாக வாள் இருக்கும்படி பார்த்துக்கொண்டாலே தண்ணீர் மற்றதைச் செய்துவிடும்.

நான் ஏன் கப்பல் பக்கம் நிற்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் ஒரு பாய் தெரிகிறது. அவன் நம்மைப் பார்த்துவிட்டானா என்று தெரியாது. ஒருவர் பாய்மரத்தின் உச்சியில் ஏறித் தொலைநோக்கியில் பார்க்கிறார், ஒருவர் விளக்கை அணைக்கிறார், ஒருவர் பாயைக் காற்றுக்குத் திருப்புகிறார். ஸ்லூப் என்ற சின்னக் கப்பல் காற்றை எதிர்த்துப் போவதில் கெட்டி. கேலியனுக்குக் காற்று முதுகில் அடித்தால் அதைப் பிடிக்க முடியாது. ஆக, யார் யாரை எந்தத் திசைக்கு ஓடவிடுகிறார்கள் என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது, இன்னும் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஓட்டுநரின் கை ஸ்டியரிங்கைச் சுற்ற ஆரம்பித்துவிடும், பார்த்திருப்பீர்கள். கேலியனும் அப்படித்தான். இப்போது திருப்ப வேண்டும் என்று தோன்றும்போது திருப்பினால் நேரம் கடந்துவிட்டது. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை முன்கூட்டியே யோசிக்கிற அந்த நிமிடங்களை வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் சென்டரில் அந்த நேரத்தில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

கேள்வி: நான் என் அண்ணன், அவன் நண்பர்களோடு ஆடுகிறேன். எப்போது சண்டை வந்தாலும் வாளி என்னிடம்தான் வரும். தண்ணீரை மொண்டு ஊற்றுவதே என் வேலை. வாளும் இல்லை, பீரங்கியும் இல்லை. கேட்டால் "நீ அதுதான் நல்லா பண்ற" என்கிறார்கள்.
— பிளஸ் டூ மாணவி, ஓமலூர்

பதில்: தங்கச்சி, நீ நன்றாகச் செய்கிறாய் என்று அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். கப்பல் மிதப்பது உன்னால். அது சின்ன வேலை என்று யாரும் நினைக்கக் கூடாது, நீயும் நினைக்கக் கூடாது. எந்த ஓட்டையை முதலில் அடைப்பது, எப்போது பலகையை வைத்துவிட்டு வாளியை எடுப்பது, எவ்வளவு தண்ணீர் வரை தாங்கும் என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கிறவள் நீ. மொண்ட தண்ணீரைக் கப்பலுக்கு வெளியே வீச வேண்டும், உள்ளேயே கொட்டினால் அது தளத்தில்தான் இருக்கும். இதுகூடத் தெரியாத பையன்கள் எங்கள் சென்டருக்கு நிறைய வருகிறார்கள்.

ஆனால் எப்போதும் உன்னிடமே வாளி என்பது நியாயமில்லை. அடுத்த முறை ஆட்டம் தொடங்கும் முன்பே, துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போதே சொல்லிவிடு: "இன்றைக்குச் சுக்கான் எனக்கு." சண்டை நடுவே கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். கீழ்த்தளத்தில் இத்தனை நாள் நின்றவளுக்கு எந்தப் பக்கம் அடி வாங்கினால் கப்பல் தாங்காது என்று அவர்களைவிட நன்றாகத் தெரியும். அடிபட்ட பக்கத்தை எதிரிக்குக் காட்டாமல் கப்பலைத் திருப்புவாய். உன் அண்ணன் ஒரு முறை வாளி பிடித்தால் அவனும் நல்ல பீரங்கிக்காரன் ஆவான், எங்கே சுட வேண்டும் என்று அப்போதுதான் புரியும்.

கேள்வி: 'பைரேட்ஸ் ஆஃப் தி பர்னிங் சீ' வந்த புதிதில் ஆடியவன் நான். கடலில் மணிக்கணக்காக ஆடினாலும் அலுக்காது. கப்பலை விட்டு இறங்கி வாளை எடுத்ததும் தூக்கம் வரும். ஒரே விளையாட்டில் ஒன்று இவ்வளவு நன்றாகவும் இன்னொன்று இவ்வளவு சப்பென்றும் இருந்தது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.
— ஐ.டி. ஊழியர், சூரமங்கலம்

பதில்: அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஃப்ளையிங் லேப் என்ற நிறுவனம் செய்து 2008 ஜனவரியில் வந்தது. 1720ஆம் ஆண்டின் கரீபியன் கடல், பிரிட்டன், ஸ்பெயின், பிரான்ஸ் என்று மூன்று நாடுகள், நான்காவதாகக் கொள்ளையர்கள்.

அதன் கடற்சண்டையை யோசித்துப் பாருங்கள். கப்பலுக்கு முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கத்துக்கும் தனித்தனிக் கவசம். பாய்க்குத் தனிச் சேதம். பாயைக் கிழிக்கச் சங்கிலிக் குண்டு, மரத்தை உடைக்க உருண்டைக் குண்டு, மேலே நிற்கும் ஆட்களைக் குறைக்கச் சிறுகுண்டு. எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எந்தக் குண்டை ஏற்றுவது, காற்றை யார் பிடிப்பது என்று ஒவ்வொரு நிமிடமும் ஒரு முடிவு. எடுத்த முடிவின் பலன் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். காத்திருக்கும்போதே அடுத்ததை யோசிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் ருசி.

தரையில் இறங்கியதும் அந்த இடைவெளி போய்விட்டது. மூன்று வாள்முறைகள் கொடுத்தார்கள்: ஃபென்சிங், ஃபுளோரன்டைன், முறைதவறிய சண்டை என்று ஒன்று. பெயருக்கு மூன்று. ஆடும்போது கீழே வரிசையாக இருக்கும் பொத்தான்களை அழுத்திவிட்டு அது ஆறி மறுபடி வேலை செய்யும் வரை காத்திருப்பதுதான் மூன்றிலும் நடந்தது. எங்கே நிற்கிறீர்கள், எதிராளி எந்தக் கால் முன்னால் வைத்திருக்கிறான், பின்னால் சுவரா பள்ளமா, இதெல்லாம் பெரிதாக எதையும் மாற்றவில்லை. கப்பலில் இடம்தான் எல்லாம். வாளில் இடத்துக்கு மதிப்பே இல்லை. ஒரே ஆள் இரண்டையும் ஆடும்போது இரண்டாவது சப்பென்று தெரியாமல் என்ன செய்யும்?

கடிதம் எழுதிய எல்லோருக்கும் நான் சொல்ல வந்ததும் இதுதான். வாள்சண்டை மட்டம் என்று நான் சொல்லவில்லை. கடலில் நடந்தது தளத்துக்குத் தொடர்ந்து வர வேண்டும், தளத்தில் நடப்பது கப்பலின் கதியை மாற்ற வேண்டும். அப்படி இருந்தால் வாள் எடுக்கும்போது கை நடுங்கும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இரண்டு விளையாட்டை ஒரே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் உங்களைப் போல நிறையப் பேர் கப்பலிலேயே இருந்துவிடுவார்கள்.

கேள்வி: வாளைக் குறைத்துப் பேசிவிட்டீர்கள் அக்கா. நான் சிலம்பம் கற்கிறேன், மாவட்டப் போட்டிக்குப் போயிருக்கிறேன். என் பயிற்சி விளையாட்டில் உதவும் என்று நினைத்தேன், ஆனால் கம்பைத் தொட்டே பார்க்காதவன் என்னை வெட்டிவிடுகிறான். ஏன்?
— வாசகர், தாதகாப்பட்டி

பதில்: தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பா சேலத்துக் குகைப் பகுதியில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர். முதல் பல மாதம் கம்பையே கையில் கொடுக்க மாட்டார், காலடி மட்டும்தான். "கம்பு எங்க போகும்னு காலு சொல்லிரும், காலைப் பாரு" என்பார். அந்தப் பாடம் விளையாட்டிலும் அப்படியே செல்லும். ஆனால் இடையில் இரண்டு விஷயங்கள் மாறிவிடுகின்றன.

ஒன்று, களைப்பு கிடையாது. நிஜத்தில் தப்பான வீச்சுக்குத் தோள்பட்டை விலை கொடுக்கும், மூச்சு விலை கொடுக்கும். திரையில் நூறு முறை வீசினாலும் கை வலிக்காது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு வீசுகிறவனுக்கு நிஜத்தில் கிடைக்காத ஒரு தைரியம் அங்கே கிடைக்கிறது. நீங்கள் பயிற்சியின் பழக்கத்தில் சரியான தருணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள், அதற்குள் அவன் நான்கு முறை வீசிவிடுகிறான். இரண்டாவது, தொடுமுறைப் போட்டியில் முதலில் தொட்டவருக்குப் புள்ளி, அதோடு நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவீர்கள். விளையாட்டில் ஒரு வெட்டு பட்டவன் அப்படியே நின்று திருப்பி வெட்டுவான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் சென்னைப் பெண் பவானி தேவி சேபர் வாளோடு இறங்கியதைப் பார்த்தீர்களா? வாள்வீச்சில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர். 2021 ஜூலையில் முதல் ஆட்டத்தில் துனிசியா வீராங்கனையை 15-3 என்று ஜெயித்தார். மறுபடி கிடைத்தால் அவருடைய கையை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். முன்னால் வருவது போல வந்து, எதிராளியை வீச வைத்து, அரை அடி பின்வாங்கி, அவருடைய வாள் காற்றை வெட்டிய பிறகு உள்ளே போவார். நீங்கள் கற்ற காலடி அதே கணக்குதான். அதை இங்கே இப்படிப் பயன்படுத்துங்கள்.

'சீ ஆஃப் தீவ்ஸ்' வாளில் பொத்தானை அழுத்திப் பிடித்து விட்டால் ஒரு பாய்ச்சல் இருக்கிறது. எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாய்ந்து பட்டால் பலமான அடி, தப்பினால் பாய்ந்தவன் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பான். ஆகவே நீங்கள் பாயாதீர்கள். தடுப்பில் நில்லுங்கள், பக்கவாட்டில் ஒரு குதி, அவன் உங்களைக் கடந்து போய் நிற்பான், அப்போது மூன்று வெட்டு. மூன்றாவது வெட்டு எதிராளியைப் பின்னால் தள்ளும். இங்கேதான் சிலம்பக்காரருக்கு வேலை: சண்டை தொடங்கும்போதே அவன் முதுகு கப்பலின் ஓரத்துக்கு இருக்கும்படி நீங்கள் வட்டமாக நகர்ந்துவிட வேண்டும். மூன்றாவது வெட்டில் அவன் கடலில் விழுவான், கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அவனைக் கொல்லவே இல்லை, ஆனால் அவன் நீந்தி வந்து சேர்வதற்குள் சண்டை முடிந்திருக்கும். எதிராளியை எங்கே நிறுத்துவது என்பதுதான் காலடியின் சாரம், அது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

இன்னொன்று, சில பேர் வாளே எடுக்காமல் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அவர்களிடம் நேர்வழியில் ஓடாதீர்கள். படிக்கட்டு மறைவு, பாய்மர மறைவு, அங்கிருந்து நெருங்குங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். மழைக்காலத்தில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. வாள் வீசினால் படுவதே இல்லை. ஆட்டத்தை விட்டுவிடலாமா?
— எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

பதில்: விட வேண்டாம் அண்ணா. வாளை மட்டும் விடுங்கள். வாள்சண்டையில் இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் வேகமாக நகர்கிறார்கள். உங்கள் திரையில் நிற்கிற இடத்தில் அவன் உண்மையில் இல்லை, அதனால்தான் படவில்லை. பீரங்கிக் குண்டு காற்றில் பறக்க நேரம் எடுக்கும், கப்பலும் மெதுவாகத்தான் திரும்பும். கால் நொடித் தாமதம் அங்கே அவ்வளவாக உறுத்தாது. சுக்கான், பாய், பீரங்கி மூன்றும் உங்களுக்குச் சரியாக வரும். மலையில் காற்று எந்தப் பக்கம் மாறுகிறது என்று தினமும் பார்க்கிறவர் நீங்கள், பாய் உங்கள் கையில் இருப்பதுதான் அந்தக் குழுவுக்கும் நல்லது.

வைஃபையை விட்டுவிட்டு ஒயர் போட்டு ஆடுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் மற்ற செல்போன்களில் வீடியோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் கூட்டாளிகளுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள், பாவம், நீங்கள் சுக்கானில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ராத்திரி "கப்பல் மூழ்குது, கப்பல் மூழ்குது" என்று கத்துகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் அழுகை. வாளால் வெட்டுவதைப் பார்த்தால் பயமாகவும் இருக்கிறது. அனுமதிக்கலாமா?
— இல்லத்தரசி, அழகாபுரம்

பதில்: சகோதரி, 'சீ ஆஃப் தீவ்ஸ்' என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஐரோப்பாவில் அதற்கு 12 வயதுக்கு மேல் என்று தரம் கொடுத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் பதின்வயதினருக்கு. வெட்டு கார்ட்டூன் போலத்தான் இருக்கும். எனக்கு வாளைவிட மைக்தான் கவலை. எதிர்க் கப்பலில் இருப்பவர் யாரென்று தெரியாது, அவர் பேசுவது பையன் காதில் விழும். அதை அமைப்புகளில் போய் நிறுத்திவைக்க முடியும், முதலில் அதைச் செய்யுங்கள். 2023 டிசம்பரில் 'சேஃபர் சீஸ்' என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள். அதில் வேறு ஆட்டக்காரர்களின் கப்பலே வராது, அவனும் அவன் நண்பர்களும் மட்டும். இந்த வயதுக்கு அதுவே போதும்.

அழுகைக்குக் காரணம் வேறு. இந்த விளையாட்டில் நடுவில் நிறுத்தி வைக்கும் வசதி இல்லை. மகன் எழுந்து வந்தால் மூன்று நண்பர்கள் மூழ்குவார்கள். "இப்போ வா" என்று சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடாமல், அரைமணி முன்பாகவே "துறைமுகத்துக்குத் திரும்பு, பெட்டியை எல்லாம் வித்துடு" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை அவனுக்குப் புரியும். அம்மாவுக்குத் தன் கப்பலைப் பற்றித் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்தாலே பாதிப் பிடிவாதம் குறையும். பள்ளி நாளில் ராத்திரி ஆட்டம் கூடாது என்பதில் மட்டும் நான் உங்கள் பக்கம், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பேரன் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் அம்மா. உண்மையில் கடற்கொள்ளையர் பீரங்கியால் சண்டையிட்டார்களா, வாளாலா? விளையாட்டில் காட்டுவதில் எவ்வளவு நிஜம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆத்தூர்

பதில்: ஐயா, முடிந்தவரை அவர்கள் இரண்டையும் தவிர்த்தார்கள். வணிகக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஏறி வெட்டினால் சொந்த ஆட்கள் சாவார்கள். அதனால் நிறைய ஆட்களைத் தளத்தில் நிறுத்தி, கொடியை ஏற்றி, பயமுறுத்திச் சரணடைய வைப்பதுதான் அவர்கள் பிழைப்பு. பெரும்பாலான வணிகக் கப்பல்கள் சண்டையில்லாமலே பணிந்தன.

துரத்தி வந்த கடற்படையோடுதான் பெரிய சண்டைகள். பிளாக்பியர்ட் என்ற எட்வர்ட் டீச்சின் கடைசி நாள் 1718 நவம்பர் 22. அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் ஓக்ரகோக் என்ற இடம். லெப்டினன்ட் மேனார்ட் தன் கப்பலோடு நெருங்கியபோது டீச் ஒரு பக்கத்துப் பீரங்கிகளை மொத்தமாக வெடித்தான், மேனார்டின் தளத்தில் ஆட்கள் சரிந்தார்கள். மேனார்ட் மிச்சம் இருந்தவர்களைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்தார். எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று நம்பி டீச் ஏறினான், ஒளிந்திருந்தவர்கள் மேலே வந்தார்கள். அவன் உடலில் ஐந்து குண்டுக் காயமும் இருபது வெட்டுக் காயமும் இருந்ததாகச் சொல்கிறார்கள். பீரங்கி வெடித்ததால்தான் அவன் ஏறினான், ஏறியதால்தான் வாளில் விழுந்தான். உங்கள் பேரனிடம் இதைச் சொல்லுங்கள், கீழ்த்தளத்தில் சத்தம் இல்லாத கப்பலில் இனி யோசித்துத்தான் ஏறுவான்.

பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் 400 கப்பல்களுக்கு மேல் பிடித்தவன் என்பார்கள். 1722 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் லோபஸ் முனை அருகே 'ஸ்வாலோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்ட சிறுகுண்டு தொண்டையில் பட்டு இறந்தான். அவன் ஆட்கள் மேலும் கொஞ்ச நேரம் போராடினார்கள், பாய்மரம் சாய்ந்ததும் பணிந்தார்கள். இங்கே வாளுக்கு இடமே வரவில்லை.

நம் நாட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்குக் கரையில் மராட்டியர்களின் கடற்படைத் தலைவராக இருந்த கானோஜி ஆங்கிரேயை ஆங்கிலேயர்கள் கொள்ளைக்காரன் என்றார்கள். மராட்டியருக்கு அவர் தளபதி. 1729இல் இறக்கும் வரை அவரை அவர்களால் வெல்ல முடியவில்லை. அவருடைய படையில் பீரங்கி பொருத்திய கப்பல்கள் எதிரியின் பின்பக்கமாக வந்து பாயையும் கயிற்றையும் குறிவைத்துச் சுடும். கப்பல் நகர முடியாமல் நின்றதும், துடுப்புப் போட்டு வரும் சின்னக் கப்பல்கள் ஆட்களை நிறைத்துக்கொண்டு வந்து ஏறும். முதல் கேள்வி கேட்ட அம்மாப்பேட்டைத் தம்பியும் இதைப் படிக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளிப் பட்டறையில் வேலை. வீட்டில் இருப்பது பழைய லேப்டாப், நீங்கள் சொல்லும் பெரிய விளையாட்டு எதுவும் ஓடாது. எனக்கு ஏற்றது ஏதாவது இருக்கிறதா? கப்பலும் வேண்டும், வாளும் வேண்டும்.
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இருக்கிறது. 'பசில் பைரேட்ஸ்'. த்ரீ ரிங்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2003இல் வெளியிட்டது. பழைய கணினியே போதும். படம் பார்க்கப் பொம்மை போல இருக்கும், அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

கப்பலில் எல்லா வேலையும் ஒரு புதிர். பாய் கட்டுவது ஒரு புதிர், ஓட்டை அடைக்கும் தச்சுவேலை ஒரு புதிர், அடித்தளத்துத் தண்ணீரை இறைப்பது ஒரு புதிர், பீரங்கியில் மருந்து நிரப்புவதும் ஒரு புதிர். பாய்க்காரர் நன்றாக ஆடினால்தான் கப்பலைத் திருப்ப நகர்வுகள் கிடைக்கும். பீரங்கிக்காரர் நன்றாக ஆடினால்தான் சுடக் குண்டு இருக்கும். தலைவர் அந்த நகர்வுகளை வைத்துக் கட்டம் கட்டமாகக் கப்பலை ஓட்டிச் சண்டை போடுவார். இரண்டு கப்பலும் கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டதும் வாள்சண்டை. அதுவும் புதிர்தான், மேலிருந்து விழும் வண்ணக் கட்டைகளைச் சேர்த்து உடைத்தால் எதிராளியின் பலகையில் கட்டைகள் போய் விழும். கடலில் வாங்கிய ஒவ்வொரு அடிக்கும், வாள்சண்டை தொடங்கும்போதே உங்கள் பலகையில் கட்டைகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அடி வாங்காத கப்பல்காரர்கள் காலிப் பலகையோடு ஆரம்பிப்பார்கள்.

சூரமங்கலத்து நண்பருக்கு நான் எழுதியது இதைத்தான், இருபது வருடத்துக்கு முன்பே ஒரு சின்னக் குழு செய்து காட்டிவிட்டது. கடற்சண்டையில் சரியாக ஓட்டாதவர் வாளில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் திணறுவார்.

பட்டறையில் பொடிக் கம்பியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு, தச்சுப் புதிரில் சீக்கிரம் பேர் வாங்கிவிடுவீர்கள். முதலில் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் நல்ல தச்சருக்கு எந்தக் கப்பலிலும் இடம் கிடைக்கும். அப்புறம் தண்ணீர் இறைப்பது, பிறகு பாய். வாளைத் துறைமுகத்து விடுதியில் பணயம் இல்லாமல் மற்றவர்களோடு ஆடிப் பழகிக்கொள்ளலாம். நல்ல வாள் ஒன்று வாங்கக் காசு சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். ஒவ்வொரு வாளுக்கும் எதிராளி பலகையில் கட்டை விழும் வரிசை வேறு, உங்கள் ஆட்டத்தைப் பார்த்து எது பொருந்தும் என்று சொல்கிறேன்.